சோற்றை விடுவதா, கோப்பையால் அளப்பதா?

வாசகர் கேள்வி – பதில்: உடல் நிறை

நிறை குறைப்புப் பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தைச் சுற்றி வருகின்றன: சில சாப்பாடுகளை அடியோடு நிறுத்துவதா, எல்லாவற்றையும் அளவோடு சாப்பிடுவதா? ஆளுக்கு ஆள் பதில் மாறும் என்பதால் ஒவ்வொன்றாகவே எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: வயது 34. உயரம் 158 சென்ரிமீற்றர், நிறை 68 கிலோ. வங்கியில் இருந்த இடத்தில் வேலை. சோறு, பாண், இடியப்பம், கிழங்கு எல்லாவற்றையும் இரண்டு கிழமை முற்றாக விட்டேன். மூன்று கிலோ குறைந்தது. பிறகு சொந்தத்துக்குள் ஒரு கல்யாணம். ஐந்தே நாளில் இரண்டரைக் கிலோ திரும்பி வந்துவிட்டது. சோறு என் உடம்புக்கு ஒத்துவராதா?
— வாசகி, வெள்ளவத்தை

சோற்றின் மேல் பழியைப் போடாதீர்கள். உங்களுக்குக் குறைந்ததிலும் கூடியதிலும் பெரும்பங்கு தண்ணீர்.

மாச்சத்தை உடல் ஈரலிலும் தசையிலும் கிளைக்கோஜனாகச் சேமித்து வைக்கிறது. வளர்ந்த ஒருவரிடம் அது அரைக் கிலோ வரை இருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாச்சத்தை நிறுத்திய முதல் நாலைந்து நாளில் இந்தச் சேமிப்புத் தீர்ந்துபோகிறது. அதோடு சேர்ந்த தண்ணீரும் சிறுநீராகப் போய்விடுகிறது. ஒன்றரை, இரண்டு கிலோ இப்படியே இறங்கும். மறுபடி சோறு சாப்பிட்டதும் சேமிப்பு நிரம்பும், தண்ணீரும் வந்து சேரும். கல்யாண வீட்டுச் சாப்பாட்டில் உப்பும் கூட என்பதால் இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உடலில் ஒரு கிலோ கொழுப்புக் கரைய ஏறக்குறைய 7,700 கலோரி குறைய வேண்டும். மூன்று கிலோவும் கொழுப்பாக இருந்திருந்தால் பதினான்கு நாளும் நாளொன்றுக்கு 1,650 கலோரி குறைத்திருக்க வேண்டும். உங்கள் வயதுக்கும் வேலைக்கும் ஒரு நாளின் மொத்தத் தேவையே 1,850 சுற்றித்தான் வரும். அப்படியென்றால் நீங்கள் பட்டினி கிடந்திருக்க வேண்டும், கிடக்கவில்லை. அதேபோல ஐந்து நாளில் இரண்டரைக் கிலோ கொழுப்பு வைக்க, தேவைக்கு மேல் 19,000 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். எந்தக் கல்யாண வீட்டிலும் அது நடக்காது.

சரி, என்ன செய்வது? நாளுக்கு 400 கலோரி குறைத்தால் போதும். அது கிழமைக்கு 350 கிராம், மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ. கேட்பதற்குச் சப்பென்று இருக்கும், ஆனால் இது கல்யாணத்துக்குப் போய்வந்தாலும் நிற்கும். ஆசிய நாட்டவருக்கு உலக சுகாதார நிறுவனம் 2004இல் குறித்த பிஎம்ஐ (நிறையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண்) எல்லைகள் இரண்டு: 23ஐத் தாண்டினால் நோய் ஆபத்துக் கூடும், 27.5ஐத் தாண்டினால் ஆபத்து அதிகம். நீங்கள் 27ஐத் தாண்டி நிற்கிறீர்கள். ஐந்து கிலோ குறைந்தாலே 25 பக்கம் வந்துவிடுவீர்கள்.

சோற்றை அளக்க அகப்பை உதவாது. ஒருவர் அகப்பை இன்னொருவருக்கு ஒன்றரை. 200 மில்லிலீற்றர் கோப்பை ஒன்றைச் சோற்றுப் பானைக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். அழுத்தாமல், குவிக்காமல், விளிம்பு மட்டத்துக்கு நிரப்பினால் 150 கிராம் சோறு வரும். அதில் ஏறக்குறைய 200 கலோரி. பகலுக்கு ஒன்றரைக் கோப்பை, இரவுக்கு ஒரு கோப்பை வைத்துத் தொடங்குங்கள். கோப்பையில் எடுத்த சோற்றைக் கோப்பையில் பார்க்கும்போது கொஞ்சமாகத் தெரியும், தட்டில் கொட்டினால் அப்படித் தெரியாது. தட்டில் மிச்ச இடத்தை ஒரு துண்டு மீன் அல்லது முட்டை, அரைக் கோப்பை பருப்பு, ஒரு வறை, ஒரு வெள்ளைக்கறி கொண்டு நிரப்புங்கள்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். சோற்றைப் பாதியாக்கிவிட்டு மீனையும் பருப்பையும் முன்பிருந்த அளவிலேயே விடுவார்கள். இரவு பத்து மணிக்குப் பசி வரும். கிறீம் கிறேக்கர் பக்கட்டைத் திறப்பார்கள். புரதமும் நாரும் போதாத தட்டு வயிற்றில் நெடுநேரம் நிற்காது. சோறு குறைந்த அளவுக்கு மரக்கறியும் புரதமும் கூட வேண்டும்.

புட்டுச் சாப்பிடும் நாளில் அதே கோப்பைக் கணக்கை நம்ப வேண்டாம். சோற்றில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். புட்டில் தண்ணீர் அவ்வளவு இல்லை, தேங்காய்ப்பூ வேறு சேர்கிறது. அதே நிறைக்குப் புட்டில் கலோரி கூட.

சோற்றை விட்டால்தான் மெலியலாம் என்பவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவின் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்ரோஃபர் கார்ட்னர் குழுவினர் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு மாச்சத்தையும் மற்றப் பகுதிக்குக் கொழுப்பையும் ஓராண்டு குறைத்துப் பார்த்தார்கள். 2018இல் முடிவு வெளியானது. மாச்சத்துக் குறைத்தவர்களுக்குச் சராசரி 6 கிலோவும் கொழுப்புக் குறைத்தவர்களுக்கு 5.3 கிலோவும் இறங்கின. பொருட்படுத்தக்கூடிய வித்தியாசம் இல்லை என்பதே அவர்கள் முடிவு. எந்த வழி உங்களுக்கு ஓராண்டு தாக்குப்பிடிக்குமோ அதை எடுங்கள். வீட்டில் எல்லோரும் சோறு சாப்பிடும்போது நீங்கள் மட்டும் சலாட் கோப்பையோடு இருக்கும் வழி அநேகமாக அதுவாக இராது.

நிறை பார்ப்பது கிழமைக்கு ஒரு நாள், காலையில், மலசலம் கழித்த பின், தேத்தண்ணீர் குடிக்க முன். மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் ஒரு கிலோ கூடிக் காட்டும், அதை விட்டுவிடுங்கள். நான்கு கிழமை எண்களை ஒன்றாக வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் வீட்டில் சம்பல், சொதி, பால்கறி இல்லாமல் சாப்பாடு இறங்காது. தேங்காயை முற்றாக நிறுத்தச் சொல்லி மகள் சண்டை பிடிக்கிறாள். நிறுத்தத்தான் வேண்டுமா?
— இல்லத்தரசி, கொட்டாஞ்சேனை

நிறுத்த வேண்டாம், அம்மா. ஆனால் மகள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது.

நடுத்தரத் தேங்காய் ஒன்றைத் துருவினால் 300 கிராம் அளவு பூ வரும். அதில் ஏறக்குறைய 1,000 கலோரி. சம்பல் ஒருவருக்கு இரண்டு மேசைக்கரண்டி என்றால் 70 கலோரிக்குள் முடிந்துவிடும். சொதிக்கு இரண்டாம், மூன்றாம் பாலை எடுத்து, இறக்கும்போது மட்டும் இரண்டு மேசைக்கரண்டி கட்டிப்பால் விட்டால் வாசமும் நிறமும் கெடாது. ஒரே சாப்பாட்டில் சம்பல், சொதி, பால்கறி மூன்றும் வரும் நாட்களே கணக்கைக் குழப்புகின்றன. சம்பல் உள்ள அன்றைக்குக் கறியைத் தண்ணிக் குழம்பாக, அல்லது பழப்புளி விட்டு வையுங்கள். கொலஸ்ட்ரோல் கூடியவர் வீட்டில் இருந்தால் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்க வேண்டும். தேங்காய்க் கொழுப்பில் பெரும்பகுதி நிறைந்த கொழுப்பு.

உங்கள் கேள்வியில் இல்லாத பொருள் ஒன்றுதான் எங்களுக்கு உறுத்துகிறது: எண்ணெய். தேங்காய் கண்ணுக்குத் தெரியும், எண்ணெய் தெரியாது. ஒரு மேசைக்கரண்டி எந்த எண்ணெயும், தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், ஒலிவ் எண்ணெய் எதுவானாலும், 120 கலோரி. தாளிக்கும்போது போத்தலைச் சரித்து ஒரு சுற்று விடுகிறோமே, அது அநேகமாக இரண்டு மேசைக்கரண்டியைத் தாண்டும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி. புதுப் போத்தல் திறக்கும் அன்று அதன் லேபலில் மார்க்கர் பேனையால் திகதியை எழுதுங்கள். முடிகிற அன்று இன்னொரு திகதி. நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு லீற்றர் எட்டு நாளில் தீர்ந்தால், தலைக்கு ஒரு நாளைக்கு 31 மில்லிலீற்றர், அதாவது 260 கலோரி சுற்றி. அதே போத்தலைப் பதினான்கு நாளுக்கு இழுத்தால் 150க்கு இறங்கும். ஒரு சாப்பாட்டையும் நிறுத்தாமல் ஆளுக்கு 110 கலோரி மிச்சம். பொரித்து மிஞ்சிக் கொட்டிய எண்ணெயைக் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள்.

பதினான்கு நாளுக்கு எப்படி இழுப்பது? தாளிக்கத் தேக்கரண்டியைப் பாவியுங்கள்: நான்கு பேர் கறிக்கு இரண்டு தேக்கரண்டி போதும். வெங்காயம் பாத்திரத்தில் பிடித்தால் எண்ணெய் விடாமல் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளியுங்கள். கத்தரிக்காய் பொரித்த குழம்புதான் பெரிய கள்ளன். கத்தரிக்காயின் சதை பஞ்சு. சூடு போதாத எண்ணெயில் போட்டால், அல்லது தாச்சி நிறையக் குவித்துப் போட்டுச் சூட்டை இறக்கினால், உறிஞ்சிக்கொண்டே இருக்கும். விரற்கடை அளவு வெட்டி, உப்பும் மஞ்சளும் பிரட்டிக் கால் மணித்தியாலம் வைத்துப் பிழிந்து, அடிப்பிடிக்காத தாச்சியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயோடு மூடி போட்டு வாட்டிப் பாருங்கள். பொரித்த ருசி முழுதாக வராது, பொய் சொல்லவில்லை. முக்கால்வாசி வரும்.

கேள்வி: கோட்டையில் வேலை. பகலுக்குக் கடைப் பார்சல் சோறு, பின்னேரம் ஒரு றோல்ஸ், பால் தேத்தண்ணீர். வீட்டிலிருந்து கொண்டுபோக வசதியில்லை. எனக்கு டயட் சரிவருமா?
— வாசகர், மருதானை

கடைப் பார்சலை ஒரு முறை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கோப்பையால் அளந்து பாருங்கள். மூன்று கோப்பைக்குக் குறைந்த பார்சல் அரிது. ஒரு பார்சல் இரண்டு பேருக்கான சோறு, ஒருவருக்கான கறி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிரித்தவுடன், குழம்பு சேர முன், பாதிச் சோற்றை மூடியிலோ கடதாசியின் ஓரத்திலோ தள்ளிவிடுங்கள். குழைத்த பிறகு தள்ள யாருக்கும் மனம் வராது. பக்கத்து மேசைக்காரர் சம்மதித்தால் இருவருக்கு ஒரு பார்சல், மேலதிகமாக ஒரு மீன் துண்டும் ஒரு முட்டையும் என்று வாங்கலாம்; காசும் பெரிதாகக் கூடாது. கறியில் பொரியல் ஒன்றுக்கு மேல் இருந்தால் ஒன்றைப் பருப்பாக அல்லது கீரையாக மாற்றித் தரச் சொல்லுங்கள். கேட்டால் மாற்றித் தருவார்கள், கேட்பவர்கள்தான் குறைவு.

பின்னேர றோல்ஸ் 200 கலோரிக்குக் கிட்ட வரும். கிழமைக்கு இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாள் அவித்த கடலை ஒரு சுண்டு, அல்லது ஒரு வாழைப்பழம். முழு ஆடைப் பால்மா இரண்டு மேசைக்கரண்டி 80 கலோரி. இரண்டு தேக்கரண்டி சீனியோடு 115 தாண்டும். நாளுக்கு மூன்று குடித்தால் அதுவே ஒரு சாப்பாடு. பிளேன் டீக்கு மாற முடியாதென்றால் சீனியைப் பத்து நாளுக்கு அரைத் தேக்கரண்டி வீதம் குறையுங்கள். ஒரேயடியாக நிறுத்தியவர்களில் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். அரை அரையாகக் குறைத்தால் நாக்குத் தானாகப் பழகும்.

கொத்து முழுதாக ஒன்று ஒருவருக்கானது அல்ல. இருவர் பங்கிடுங்கள், மரக்கறி கூடப் போடச் சொல்லுங்கள், கிறேவியைத் தனியாக வாங்குங்கள்.

கேள்வி: திங்கள் முதல் சனி வரை கடும் டயட், ஞாயிறு எதையும் சாப்பிடலாம் என்று வைத்திருக்கிறேன். மூன்று மாதமாக நிறை அப்படியே நிற்கிறது. எங்கே பிழை?
— வாசகர், தெஹிவளை

ஞாயிற்றுக்கிழமையில். ஆறு நாள், நாளுக்கு 400 வீதம் 2,400 கலோரி மிச்சம் பிடிக்கிறீர்கள். ஞாயிறு பகல் புரியாணி, பின்னேரம் காலிமுகத்திடலில் இறால் வடையும் சோடாவும், இரவு சீஸ் கொத்து, ஐஸ்கிறீம் என்று போனால் தேவைக்கு மேல் 2,000 ஏறுவது ஒரு வேலையே இல்லை. மிச்சம் 400, அது தராசில் தெரியாது.

அந்த ஆறு நாளின் கடுமைதான் ஞாயிற்றுக்கிழமையை இவ்வளவு பெரிதாக்குகிறது. இதை 1975இல் பீற்றர் ஹேர்மன், டெபோரா மாக் என்ற இருவர் சோதித்துப் பார்த்தார்கள். வந்தவர்களில் சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்து, பிறகு எல்லோருக்கும் வேண்டிய மட்டும் ஐஸ்கிறீம் சாப்பிட இடம் விட்டார்கள். சாதாரணமாகச் சாப்பிடுபவர்கள் மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிறீமைக் குறைத்துச் சாப்பிட்டார்கள். சாப்பாட்டை எப்போதும் கட்டுப்படுத்துபவர்களோ, மில்க் ஷேக் குடித்த பிறகு கூடச் சாப்பிட்டார்கள். அன்றைய கட்டு உடைந்துவிட்டது, முழுக்க நனைந்த பின் முக்காடு எதற்கு என்ற மனநிலை. ‘முழுதாக நிறுத்து’ என்ற விதி, ஒரு துண்டு கேக் தின்றதுமே விதி முழுவதையும் செல்லாததாக்கிவிடுகிறது.

எல்லாம் சாப்பிடும் நாளை எடுத்துவிடுங்கள். பதிலாகக் கிழமைக்கு மூன்று ‘வேளை’ வையுங்கள். நாளாக வைக்க வேண்டாம். புதன் இரவு கொத்தில் பாதி, வெள்ளி பின்னேரம் ஒரு றோல்ஸ், ஞாயிறு பகல் புரியாணி ஒரு தட்டு. அதற்கு முந்திய வேளையைப் பட்டினி போடாதீர்கள். காலையில் சாப்பிடாமல் புரியாணிக்கு உட்கார்ந்தவர் ஒரு தட்டோடு எழும்பியதை நாங்கள் கேள்விப்பட்டதில்லை. மற்ற ஆறு நாளின் கடுமையையும் கொஞ்சம் தளர்த்துங்கள். 400 என்பதை 300 ஆக்கினால் கிழமை முழுவதும் 2,100 மிச்சம் பிடிக்கலாம். இப்போது கிடைக்கும் 400ஐ விட அது ஐந்து மடங்கு.

கேள்வி: ‘அளவோடு சாப்பிடுங்கள்’ என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். எனக்கு அளவு வராது. மிக்சர் பக்கட்டைத் திறந்தால் அடி தெரியும் வரை நிற்காது. என்னைப் போன்றவருக்கு என்ன வழி?
— வாசகி, பம்பலப்பிட்டி

உங்களுக்குக் கட்டுப்பாடுதான் வழி, அதுவும் அந்த ஒரு பொருளுக்கு மட்டும். அளவு எல்லோருக்கும் எல்லாப் பொருளிலும் வரும் என்று சொல்பவர்கள் மிக்சர் தின்னாதவர்களாக இருக்க வேண்டும். உப்பு, எண்ணெய், மொறுமொறுப்பு மூன்றும் சேர்ந்த பொருளில் கை நிற்காமல் போவது உங்கள் குணக்கேடு இல்லை.

ஆனால் தடையைச் சாப்பாட்டின் மேல் போடாமல் வீட்டின் மேல் போடுங்கள். ‘இனி மிக்சர் தின்ன மாட்டேன்’ என்பது மூன்றாம் நாள் உடையும். ‘மிக்சர் வீட்டுக்குள் வராது, ஆசை வந்தால் காலி வீதிக்கு இறங்கி 50 கிராம் வாங்கித் தின்றுவிட்டு வருவேன்’ என்பது நிற்கும். 50 கிராம் 250 கலோரிக்கு மேல் போனாலும் அதோடு முடிந்தது. பெரிய பக்கட்டை வாங்கிச் சிறு டப்பாக்களில் பிரித்து வைக்கும் உபாயம் உங்களுக்கு உதவாது. இரண்டாவது டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

இப்படித் தடை போடும் பொருட்களின் பட்டியல் இரண்டு, மூன்றைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் மறுபடி கடும் டயட்டாகிவிடும்.

ஒன்றைக் கவனியுங்கள். வயிறு வலிக்கும் வரை தின்பது, ஒளித்துத் தின்பது, பிறகு குற்ற உணர்ச்சியில் வாந்தி எடுப்பது அல்லது மலமிளக்கி குடிப்பது, இவை கிழமைக்கு ஒரு முறையாவது நடந்தால் டயட் பற்றிப் பேசும் கட்டம் கடந்துவிட்டது. அது நோய், சிகிச்சை உண்டு. குடும்ப வைத்தியரிடம் வெளிப்படையாகச் சொல்லி மனநல வைத்தியருக்குக் கடிதம் வாங்குங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது, பத்து வருட நீரிழிவு. கிளிக்லசைட், மெட்ஃபோர்மின் குடிக்கிறார். வட்ஸ்அப்பில் வந்த கீட்டோ டயட்டைப் பார்த்து மாச்சத்தை அடியோடு நிறுத்திவிட்டார். போன கிழமை காலையில் வியர்த்து, கை நடுங்கி மயங்கப் பார்த்தார். டயட் பிழையா?
— வாசகர், கொழும்பு 13

டயட்டை மட்டும் மாற்றி மருந்தை மாற்றாமல் விட்டது பிழை. கிளிக்லசைட், கிளிபென்கிளமைட், டோல்பியூட்டமைட் போன்ற குளிசைகளும் இன்சுலினும் சாப்பாடு வருகிறதா இல்லையா என்று பார்ப்பதில்லை. குடித்தால் சீனியை இறக்கும். சாப்பாட்டில் மாச்சத்தே இல்லாதபோது அது ஆபத்தான அளவுக்கு இறங்குகிறது. மெட்ஃபோர்மின் தனியாக இப்படிச் செய்வது அரிது.

வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சுத் தடுமாற்றம் வந்தால் உடனே மூன்று, நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். சொக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சீனி இரத்தத்தில் சேர்வதைத் தாமதிக்கும். 15 நிமிடம் கழித்து விரலில் குத்திப் பாருங்கள். 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் மறுபடி அதே அளவு. தேறியதும் பாணோ சோறோ சாப்பிடக் கொடுங்கள். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும்.

எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போல ‘கிளிஃப்ளோசின்’ என்று முடியும் பெயருள்ள நீரிழிவு மருந்து குடிப்பவர்கள் கீட்டோவைத் தொடவே கூடாது. இரத்தச் சீனி சாதாரணமாகக் காட்டிக்கொண்டிருக்கையிலேயே இரத்தத்தில் அமிலம் ஏறி உயிராபத்து வரலாம்.

கடும் டயட் எப்போதும் கெட்டது என்று இதற்குப் பொருளில்லை. நாங்கள் அளவின் பக்கம் நிற்பவர்கள்தான், ஆனாலும் இதைச் சொல்லியாக வேண்டும். பிரிட்டனில் 306 பேரை வைத்து நடந்த டைரெக்ட் ஆய்வில் ஒரு பகுதியினருக்கு மூன்று முதல் ஐந்து மாதம் நாளுக்கு 825 – 853 கலோரி மட்டும், அதுவும் கரைத்துக் குடிக்கும் மாவாகக் கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் அவர்களில் 46 சதவீதமானோருக்கு மருந்தில்லாமலே சீனி கட்டுக்குள் இருந்தது. 2017இல் வெளியான முடிவு இது. அங்கே நீரிழிவுக் குளிசைகளை முதல் நாளே வைத்தியர்கள் நிறுத்தியிருந்தார்கள், தொடர்ந்து பார்த்துக்கொண்டும் இருந்தார்கள். நோய் வந்து ஆறு வருடத்துக்கு உட்பட்ட, இன்சுலின் போடாதவர்களை மட்டும் சேர்த்திருந்தார்கள். அப்பாவுக்குப் பத்து வருடம். குளிசைகளை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். காலைச் சாப்பாட்டுக்கு முன்னும் இரண்டு மணித்தியாலம் பின்னும் பார்த்த அளவுகளை ஒரு கிழமை கொப்பியில் எழுதிக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். அதுவரை வேளைக்கு ஒரு கோப்பை சோறாவது சாப்பிடட்டும்.

கேள்வி: வெள்ளிக்கிழமை விரதம், கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் விரதம். இருந்தும் மெலியவில்லையே?
— வாசகி, வத்தளை

விரதம் முருகனுக்கு, அதில் கலோரிக் கணக்கை நுழைக்க வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம். கணக்கு வேண்டுமென்றால், பகல் முழுவதும் சீனி போட்ட தேத்தண்ணீர், மாலையில் வடை, பாயாசம், அப்பளம், பொரியலோடு ஒரு வேளை என்றால் மிச்சம் எதுவும் இல்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஏறக்குறையப் பட்டினி இருந்தவர்களையும் நாள்தோறும் கொஞ்சம் குறைத்தவர்களையும் 2017இல் ஒப்பிட்டபோது ஓராண்டில் நிறை ஒரே மாதிரித்தான் குறைந்தது. பட்டினிப் பகுதியில் இடையில் விலகியவர்கள் கூட.

கேள்வி: மகளுக்கு 15 வயது. தோழிகள் சொல்லி இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். தலைமயிர் கைப்பிடியாக உதிர்கிறது. இரண்டு மாதம் மாதவிடாயும் இல்லை.
— தாய், வெள்ளவத்தை

உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். இரத்தச் சோகைக்கும் தைரொயிட்டுக்கும் பரிசோதனை சொல்லுவார். பட்டினி தொடங்கி இரண்டு, மூன்று மாதத்தில் முடி உதிர்வது வழக்கம். சாப்பாடு சரியானால் மெல்லத் திரும்பி வளரும். மாதவிடாய் நிற்பதுதான் பாரதூரமானது. எலும்பு பலம் பெறும் வயதில் ஈஸ்ட்ரஜன் குறைந்தால் அதன் நட்டத்தைப் பிற்காலத்தில் ஈடுசெய்வது கடினம்.

வளரும் பிள்ளைக்கு ‘டயட்’ என்ற சொல்லே வீட்டில் வேண்டாம். ‘உனக்கு உடம்பு வைத்துவிட்டது’ என்று பெரியம்மா, மாமி யாராவது சொன்னால் அவர்கள் வாயை நீங்கள் அடையுங்கள். காலையில் வெறுவயிற்றோடு பள்ளிக்கூடம் போகவிடாதீர்கள். ரியூஷன் முடிந்து வரும்போது முட்டை, கௌபி, மீன் ஏதாவது ஒன்று தயாராக இருக்கட்டும். இரவில் எல்லோரும் ஒன்றாக உட்காருங்கள். தட்டில் எவ்வளவு போட்டாள் என்று எட்டிப் பார்க்காமல்.

கேள்வி: வெள்ளை அரிசியை விட்டுச் சிவப்பரிசிக்கு மாறினால் மெலியலாமா?
— வாசகர், கிருலப்பனை

கலோரி இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். தவிடு நீக்காத சிவப்பரிசியில் நார் கூட, வயிறு நிறைந்த உணர்வு நீடிக்கும், சீனி மெதுவாக ஏறும். அதற்காக மாறுங்கள். இரண்டு கோப்பைக்கு மூன்று கோப்பை சாப்பிட்டால் சிவப்பும் கூட்டத்தான் செய்யும். குரக்கன் பிட்டுக்கும் இதே பதில்.

கேள்வி: மெதுவாகக் குறைத்தால்தான் நிற்கும், வேகமாகக் குறைந்தது வேகமாகத் திரும்பும் என்பது உண்மையா?
— வாசகி, பொரளை

பாதி உண்மை. அவுஸ்திரேலியாவில் 200 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்றில் (2014) 12 கிழமையில் குறைத்தவர்களும் 36 கிழமையில் குறைத்தவர்களும் மூன்று வருடத்தில் ஏறக்குறைய ஒரே அளவு, குறைத்ததில் 70 சதவீதத்துக்குக் கிட்ட, திரும்பக் கூடிவிட்டார்கள். எந்த வேகத்தில் இறங்கினீர்கள் என்பதை விட, இறங்கிய பின் எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்பதே தீர்மானிக்கிறது. வேகத்துக்கு வேறு விலை உண்டு: கிழமைக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் குறைந்தால் பித்தப்பையில் கல் வரும் ஆபத்துக் கூடும், புரதம் போதாவிட்டால் தசையும் கரையும். குறைக்கும் காலத்தில் நிறைக்குக் கிலோ ஒன்றுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். 60 கிலோ உள்ளவருக்கு 60 கிராம்: முட்டை இரண்டில் 12, மீன் 100 கிராமில் 20, சமைக்காத பருப்பு 50 கிராமில் 12, மீதி சோறு, பால், கடலையில் வந்துவிடும். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது, அவர்கள் வைத்தியரைக் கேட்க வேண்டும்.

கேள்வி: இரவு 7 மணிக்குப் பிறகு சாப்பிட்டால் எல்லாம் கொழுப்பாகிவிடுமாமே? வேலை விட்டு 101 பஸ்ஸில் ஏறி வீடு வந்து சேரவே எட்டு மணியாகிறது.
— வாசகர், இரத்மலானை

ஆகாது. எட்டரைக்குச் சாப்பிடுங்கள். பஸ் ஏற முன் ஐந்தரைக்கு ஒரு வாழைப்பழமோ ஒரு கைப்பிடி கடலையோ தின்றுவிட்டால், வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பானையைத் தேட மாட்டீர்கள். இரவுக்கு ஒரு கோப்பை சோறு, அல்லது இடியப்பம் ஐந்து, சொதி, மீன். சாப்பிட்டு இரண்டு மணித்தியாலமாவது கழித்துப் படுங்கள், அது நெஞ்செரிவுக்காக.